கொடியில் நாற்பத்தொரு கிளிப்

“உதவின்னா என்ன அத்தான் அர்த்தம்? பைனாகுலரைத் துடைச்சுக் கொடுத்தேனா? ஃப்ளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்தேனா?”

“கத்தாதே. கீழ்வீட்ல கேக்கும்.”

“கேக்கட்டும்! ஆறு வருஷமா மொட்டைமாடியில நின்னு பருந்து எண்ணினது நான். தாள்ல ‘எண்ணியவர்’னு உங்க பேரு, ‘உதவி’னு என் பேரு!”

கீழ்வீட்டில் கேட்டது. எதிர் வரிசையிலும் கேட்டது. அங்கே யாரோ தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், இது சுவாரசியமாக இருந்ததால்.

அத்தானுக்குக் குடியிருப்பில் அண்ணாந்தார் என்று பெயர். வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து இரண்டு முறை சைக்கிள் நிறுத்தத்தில் விழுந்திருக்கிறார். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் எழுதியதில் கையெழுத்துப் போட்டே முப்பது வருடம் ஓட்டியவர். இலையுதிர் காலத்தில் தெற்கே வலசை போகும் பருந்துகளை எண்ணும் சங்கத்துக்கு, இந்த மொட்டைமாடியின் பொறுப்பாளரும் அவரே. நாற்காலி அவருடையது. எண்ணுவது, இப்போது கத்திய கொழுந்தியாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் வெள்ளணுக்களை எண்ணிப் பழகிய கண். வானத்துப் பருந்து அதற்கு யானை மாதிரி. வருடாந்தர விடுப்பு மொத்தத்தையும் சேர்த்து வைத்துப் பருந்துகளுக்கே கொடுப்பாள். இப்போது தெற்கே, பறவைகள் கடலைத் தாண்டும் முனையில், நிரந்தர எண்ணாளர் வேலை ஒன்று வந்திருந்தது. ஆறு பருவம் ‘எண்ணியவர்’ என்று பொறுப்பாளர் சான்று தரவேண்டும். விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“பேரை மாத்தினா, அப்ப நீங்க மாடியில என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பாங்களேம்மா?” என்றார் அண்ணாந்தார், நிஜமான கவலையோடு.

“தூங்கிட்டிருந்தேன்னு சொல்லுங்க” என்றது சமையலறையிலிருந்து அக்காவின் குரல்.

“நாளைக்கு நீங்களே எண்ணிக்கோங்க” என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை. பார்த்து வைத்தாற்போல அன்றுதான் சங்கச் செயலாளர் அம்மா மேற்பார்வைக்கு வந்தார். கூட்டக் குறிப்பு எழுதுவதில் புலி. பறவை எண்ணுவது அவர் வேலையில்லை. அண்ணாந்தார் சலவைச் சட்டையில், எண்ணும் கருவியைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தார். கொழுந்தியாள் ஒரு வாளித் துணியோடு மாடிக்கு வந்து, “நான் துணி காயப் போட வந்தேன்” என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

பத்தரை மணிக்குத் தேன்பருந்துகள் வந்தன. வெயில் ஏறியதும் சூடான காற்று தூணாக மேலே போகும். பருந்துகள் அதில் சுற்றிச் சுற்றி ஏறும், உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாகச் சிறகை விரித்துத் தெற்கே வழுக்கிப் போகும். வழுக்கிப் போகும்போதுதான் எண்ணவேண்டும். சுற்றும்போது எண்ணினால் அதே பறவையைத் திரும்பத் திரும்ப எண்ணவேண்டிவரும். இது அண்ணாந்தாருக்குத் தெரியாதா? ஆறு வருடம் முன்பு தெரிந்திருக்கும். இப்போது அவர் சுற்றும் கூட்டத்தைப் பார்த்து டிக் டிக் டிக் என்று அழுத்தினார். செயலாளர் அம்மா மூச்சை அடக்கிப் பார்த்தார்.

அவள் முதுகைத் திருப்பி ஒரு சட்டையை உதறினாள். பிறகு தாங்கமாட்டாமல் திரும்பினாள். பத்துப் பருந்து தெற்கே போனதும், கை தானாகக் கூடையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்துக் கொடியில் மாட்டியது. இன்னொரு பத்து, இன்னொரு கிளிப். துணி வாளியிலேயே சுருண்டு கிடந்தது.

வடக்கே குன்றின் மேல் எண்ணுகிறவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். அவர் தலைக்கு மேல் போகும் பறவைகள்தான் ஒன்றரை மணி நேரம் கழித்து இங்கே வரும். ஒருவர் கணக்கைப் பார்த்து இன்னொருவருக்குச் சபலம் வரக்கூடாதென்று, மாலை ஐந்துக்கு முன் எண்ணிக்கையைச் சொல்லிக்கொள்ளக்கூடாது என்பது சங்கத்தின் விதி. ஐந்து மணிக்கு அவர் குரல் கூடத்து மேசையில் இருந்த போனிலிருந்து வந்தது.

“நானூத்திப் பதினெட்டு.”

“இங்க ரெண்டாயிரத்து நூத்தி அறுபது!” என்றார் செயலாளர் அம்மா.

ரொட்டிக்கடைக்காரர் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். “ஏங்க, வர்ற வழியில குஞ்சு பொரிச்சுதா?”

“வேற பக்கத்துலேருந்து வந்து சேர்ந்திருக்கும்” என்றார் அண்ணாந்தார்.

“எங்க சேர்ந்துச்சு, பஸ் ஸ்டாண்டுலயா?”

அப்போதுதான் அக்கா தேநீரோடு வந்தார். “ஏண்டி, வாளியில துணி அப்படியே நாறுது. கொடியில மட்டும் எதுக்கு அத்தனை கிளிப்பு?” என்று உரக்கக் கேட்டார். வெகுளியாகக் கேட்டாரா, வேண்டுமென்றே கேட்டாரா என்று குடியிருப்பு இன்றும் இரண்டு கட்சியாக இருக்கிறது.

செயலாளர் அம்மா அவளைப் பார்த்தார். அவள் அத்தானைப் பார்த்தாள். அப்பா இறந்தபின் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் அவளுக்கு அறை கொடுத்தவர் அவர். அவர் வீட்டில், அவர் விருந்தாளி முன்னால், அவரைத் தலைகுனிய வைப்பதா? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

“ஒரு கிளிப்புக்குப் பத்து” என்றாள். “நாப்பத்தொரு கிளிப்பு. கடைசியில மூணு பறவை தனியா போச்சு. நானூத்திப் பதிமூணு.”

“அந்த அஞ்சு இங்க மரத்துலயே உக்காந்திருக்கும். காலையில பாக்கறேன்” என்றார் ரொட்டிக்கடைக்காரர், மரியாதையாக.

செயலாளர் அம்மா ஆறு வருடத் தாள்களையும் கேட்டு வாங்கிப் புரட்டினார். மணிக்கு மணி எழுதிய எண்களெல்லாம் ஒரே உருண்டைக் கையெழுத்து. உச்சியில் பெயர் மட்டும் சாய்ந்த கையெழுத்து. ஒரு வெள்ளைத் தாளில் அவளுக்கான சான்றை ஆறு வரியில் எழுதி அண்ணாந்தார் பக்கம் தள்ளினார். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த ஒன்றில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

அவள் அடுத்த மாதமே கடல்முனைக்குக் குடிபோனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செய்துகொண்டது செயலாளர் அம்மாவும் ரொட்டிக்கடைக்காரரும். அந்த அம்மாவே இப்போது இந்த மாடியில் எண்ணுகிறார். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, மாலை ஐந்து வரை ஒருவருக்கொருவர் எண்ணிக்கையைச் சொல்லாமல் இருக்கிறார்களாம், நம்புகிறவர்கள் நம்பலாம். அக்கா ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தங்கைக்குத் துணையாக இரண்டு மாதம் போய்வந்தார். போன முறை போனவர் திரும்பவில்லை. கம்பளிப் போர்வையைப் பார்சலில் அனுப்பச் சொல்லி அண்ணாந்தாருக்கு எழுதியிருக்கிறார்.