அடையாற்றைத் தாண்டாத ருசி

2021ஆம் ஆண்டு ஜூன் ஒன்பதாம் தேதி காலை ஏழே முக்கால் மணியிலிருந்து, ஞானதாஸ் சாப்பிட்டதன் ருசியெல்லாம் எதிர்வீட்டு ராமானுஜத்தின் வாயில் தெரிந்தது. அன்று ஞானதாஸ் சாப்பிட்டது இரண்டு முட்டை ஆம்லெட். ராமானுஜம் அப்போது வாயில் எதுவும் இல்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடாதவர் என்பதால் வெங்காயத்தையும் மிளகையும் மட்டும்தான் அவரால் அடையாளம் காண முடிந்தது. எழுந்துபோய் மூன்று முறை வாய் கொப்பளித்தார். எட்டு மணிக்கு எதிர்வீட்டில் ஆம்லெட் தீர்ந்தது, இங்கேயும் தீர்ந்தது.

சந்து, மாதவப் பெருமாள் கோயிலுக்கும் சாந்தோம் சர்ச்சுக்கும் நடுவில் இருந்தது. ஆட்டோ உள்ளே வந்தால் பின்பக்கமாகத்தான் வெளியே போக வேண்டும். இரண்டு குடும்பங்களும் நாற்பது வருடமாக எதிரெதிரே இருந்தாலும் பால் பாக்கெட், சிலிண்டர், தண்ணீர் லாரி தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. ஞானதாஸ் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வருடம் ஊரையே படுக்கவைத்த காய்ச்சல் அவரையும் படுக்கவைத்து எழுப்பிவிட்டது, ஆனால் மூக்கும் நாக்கும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் மூன்று மாதம் என்றார், பிறகு ஆறு மாதம் என்றார், பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தன் ருசி செத்துப்போனது என்று ஞானதாஸ் நினைத்துக்கொண்டார். அது பன்னிரண்டு அடி தள்ளி நன்றாகவே இருந்தது.

ஞானதாஸின் மனைவி ஆலிஸ், பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தவர். கல்யாணமான வருடத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒயின் போட்டுவந்தார். பன்னீர் திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ஈஸ்ட்; எல்லாம் பீங்கான் ஜாடியில் போட்டு வாயைத் துணியால் கட்டி, தினமும் காலையில் மரக்கரண்டியால் வலப்பக்கமாக மட்டும் கிண்டுவார். இடப்பக்கம் கிண்டினால் என்ன ஆகும் என்று வேதியியல் சொல்லவில்லை, ஆனாலும் அவர் கிண்டிப் பார்க்கவில்லை. இருபத்தொன்றாம் நாள் ஞானதாஸ் ஒரு ஸ்பூன் வாயில் விட்டு உருட்டி, கூரையைப் பார்த்து, "சக்கரை பத்தல" என்பார், அல்லது "போதும்" என்பார். முப்பத்தோரு வருடத்தில் அவர் மூன்றாவதாக ஒன்று சொன்னதில்லை. டீச்சருக்கு அந்த மூன்றாவது வார்த்தை வேண்டும். கேட்டால் சர்ச்சுக்காகச் செய்கிறேன் என்பார், ஆனால் நாற்பது பாட்டில் ஒயினும் அந்த ஒரு ஸ்பூனுக்காகத்தான் செய்யப்பட்டது என்பதைச் சந்து அறியும்.

2021 நவம்பரில் இருபத்தொன்றாம் நாள் ஞானதாஸ் ஸ்பூனை வாயில் விட்டு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லத் துணிவில்லாமல், "போதும்" என்றார். டீச்சருக்குச் சளி பிடித்திருந்ததால் அவரும் ருசி பார்க்கவில்லை. நாற்பது பாட்டில்களும் பங்கு மக்களிடம் போய்ச் சேர்ந்தன. எல்லாம் காடியாகியிருந்தது. ஒரு வீட்டில் அதில் பன்றிக்கறியை ஊறவைத்தார்கள், இன்னொரு வீட்டில் ஜன்னல் கண்ணாடி துடைத்தார்கள். பங்குச்சாமியார், "இந்த வருசம் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னார். டீச்சர் வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அது புளித்துப்போனது என்று நவம்பரிலேயே தெரிந்த ஒரே ஆள் ராமானுஜம்தான். ஆனால் உங்கள் வீட்டு ஜாடி என் வாயில் புளிக்கிறது என்று ஒரு மனிதர் இன்னொருவரிடம் எப்படிப் போய்ச் சொல்வது?

ராமானுஜம் ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் இருந்தவர். நேரம் தவறாமல் வருகிற எதன்மேலும் அவருக்கு மரியாதை உண்டு. ஒரு டைரி போட்டு எழுதிவைத்தார்: காலை 7.45, அந்த மெத்தென்ற வஸ்து. பகல் 1.10, உப்பும் காரமும் தடவிய பெயர் தெரியாத ஒன்று, முள் இருக்கலாம். இது நொச்சிக்குப்பத்தில் வாங்கிய சங்கரா மீன் என்பது பின்னால்தான் தெரிந்தது. வேறு யாருக்கோ நடப்பதுபோலச் சொல்லி, இதில் பாவம் உண்டா என்று வீட்டுப் புரோகிதரான வாத்தியாரிடம் கேட்டார். "முழுங்கினாரா?" என்றார் வாத்தியார். இல்லை என்றதும், "முழுங்காததுக்குப் பிராயச்சித்தம் கிடையாது" என்றார். ராமானுஜம் நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். மனைவி வேதவல்லியிடம் மட்டும் சொல்லவில்லை.

அடுத்த நவம்பரில் டீச்சர் மனம் கேளாமல் மறுபடி ஜாடியை இறக்கினார். இருபத்தொன்றாம் நாள் ஞானதாஸ் வழக்கம்போல ஸ்பூனை வாங்கினார். எதிர்வீட்டில் ராமானுஜம் இலைமுன் உட்கார்ந்திருந்தார், வேதவல்லி இன்னும் சாதம் போடவில்லை. வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு அவர் கண் கலங்கி, "என்ன ரசம்!" என்றார்.

வம்பு அந்த வார்த்தையில் வந்தது. அது ஐயங்கார் வீடு. அங்கே அதற்குப் பெயர் சாத்தமுது. ரசம் என்பது ஹோட்டலில் இருப்பது, அடுத்தவர் வீட்டில் இருப்பது. முப்பத்தெட்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. எந்த ரசம் என்று வேதவல்லி கேட்டார். ஒயின் என்று ராமானுஜத்தால் சொல்ல முடியவில்லை. இந்த ஊரில் ஒயின் ஷாப் என்றால் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கிற இடம், அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்து பழகியவர் அவர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் ஒலிபெருக்கியில் கேட்ட மரியாதையான பெயரைச் சொன்னார்: "எதிராத்து திராட்சை ரசம்."

வேதவல்லி கையைத் துடைத்துக்கொண்டு சந்தைக் கடந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதேங்கோ. எங்காத்து மாமா உங்காத்துல எத்தனை நாளா சாப்ட்டுண்டிருக்கார்?"

"ராமானுஜம் சாரா? எங்க வீட்ல அவர் தண்ணிகூட குடிச்சதில்லையே மாமி."

"திராட்சை ரசம்ங்கறாரே! நான் பண்ற சாத்தமுதுக்கு ஒருநாள் வாயைத் திறந்து நன்னாருக்குன்னு சொன்னதில்லை. உங்காத்து ரசத்துக்குக் கண்ல ஜலம் வரது."

டீச்சர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்தக் குறை அவருக்குப் புதிதல்ல.

ராமானுஜம் டைரியோடு வரவழைக்கப்பட்டார். ஒன்றரை வருடத்து ருசியை நேரவாரியாகப் படித்தார். ஞானதாஸ் நம்பாமல் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துண்டு ஊறுகாயைக் கடித்தார். கூடத்தில் இருந்த ராமானுஜம், "எலுமிச்சங்காய். இன்னும் ஒரு வாரம் ஊறணும்" என்றார். ஞானதாஸ் வெளியே வந்தபோது அவர் முகம் ஒன்றரை வருடமாக இல்லாதபடி தெளிந்திருந்தது.

"அப்போ என் ருசி எங்கயும் போவல ஆலிஸு. எதுர்லயேதான் கீது."

டீச்சர், ஒயின் எப்படி இருந்தது என்று ராமானுஜத்தைக் கேட்டார். "அமிர்தம்" என்றார் அவர். டீச்சர் அன்று தானும் ஒரு வாய் பார்த்திருந்தார். சுமார்தான், கொஞ்சம் துவர்ப்பு. வாழ்க்கையில் ஒயினே குடிக்காத மனிதர் பானகத்தைக் குடித்தாலும் இதைத்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டார். தவிர, டீச்சர் காத்திருந்த வார்த்தை எதிர்வீட்டுக்காரர் வாயிலிருந்து வர வேண்டியது அல்ல.

பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. ஏகாதசியன்று ஞானதாஸ் மரியாதைக்காகப் பாலும் பழமும் மட்டும் சாப்பிட்டார். பெசன்ட் நகரில் ஒரு கல்யாணத்தில் அவர் பிரியாணி சாப்பிட்டபோது ராமானுஜத்தின் வாய் சும்மா இருந்தது; திரும்பி வருகையில் அவர் சப்பிய மிட்டாய், கார் அடையாற்றின் மேலுள்ள திரு.வி.க. பாலத்தின் பாதியைக் கடந்ததும் இங்கே இனித்தது. ருசி அடையாற்றைத் தாண்டாது என்று ராமானுஜம் டைரியில் எழுதி அடிக்கோடிட்டார்.

டீச்சரின் அண்ணன் மகன் ஜெஃப்ரி, ஈக்காட்டுத்தாங்கலில் ஒயின் வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில் இருந்தான். விஷயம் கேள்விப்பட்டு 2023இல் இருவரையும் தி. நகர் ஹோட்டல் ஒன்றில் நடந்த ஒயின் திருவிழாவுக்கு அழைத்துப்போனான். ஞானதாஸ் அரங்கத்தில் குடித்தார். ராமானுஜம் வெளியே சோபாவில் நாமத்தோடு உட்கார்ந்து, இது மலைச்சரிவு, இது மழைக்கு அப்புறம் பறித்தது, இதில் காம்பைச் சேர்த்து நசுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லச் சொல்ல, கம்பெனிக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். பன்னிரண்டில் பதினொன்று சரி. பன்னிரண்டாவது பாட்டிலில் ஒட்டியிருந்த பெயர்தான் தவறு என்று பிறகு தெரிந்தது. எந்த ஒயினுக்கு எந்தச் சாப்பாடு என்று கேட்டபோது ராமானுஜம் அவகாசம் கேட்டார். வேதவல்லி ஒரு மாதம் சமைத்து டிபன் கேரியரில் எதிர்வீட்டுக்கு அனுப்பினார். சிவப்புக்குப் புளியோதரை, வெள்ளைக்குத் தயிர்சாதமும் மாவடுவும், நுரைக்கிறதற்கு மைசூர்பாகு என்று முடிவாயிற்று. "ருசி இவருக்கு, வயிறு அவருக்கு, அடுப்புல வேகறது மட்டும் நான்" என்றார் வேதவல்லி, ஆனாலும் அனுப்பினார். ஏனென்றால் ஞானதாஸ் சாப்பிடும்போது மட்டும் ராமானுஜம் வேதவல்லியின் சமையலைக் கவனித்தார்.

ஒரு கிளாஸ் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று ஒரு பேப்பரில் வந்திருந்தது, ஒரு துளியும் நல்லதில்லை என்று அடுத்த வருடம் அதே பேப்பரில் வந்தது. ராமானுஜம் இரண்டையும் கத்தரித்து ஒரே பக்கத்தில் ஒட்டினார். டாக்டர் எந்தப் பேப்பரையும் படிக்காமல், ஞானதாஸின் ரத்தப் பரிசோதனையை மட்டும் பார்த்து, இனி கிறிஸ்துமஸுக்கு ஒரு ஸ்பூன், அவ்வளவுதான் என்றார். ஜெஃப்ரி சிரித்தான்.

"இதுக்குப் போயி இன்னா மாமா கவலை? பெரிய பெரிய ஆளுங்கோ யாரும் முழுங்கறதில்ல. வாய்ல ஊத்தி உருட்டிட்டுத் துப்பிடுவாங்கோ. துப்பறதுக்கே பக்கெட்டு கீது."

வாழ்நாள் முழுவதும் பலிபீடத்தின்முன் மண்டியிட்டவர் ஞானதாஸ். "திராட்சை ரசத்தைத் துப்பறதா? நீ ஞானஸ்நானம் வாங்கினவந்தானே?" என்று கேட்டார். விழுங்கியிருந்தால் ராமானுஜத்துக்குப் பாவம், துப்பினால் ஞானதாஸுக்குப் பாவம். கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

2025 நவம்பரில் ராமானுஜத்தின் வீடு விலைபோனது. மகன் பாலவாக்கத்தில் வீடு கட்டியிருந்தான், வேதவல்லியின் முழங்காலுக்கு இந்த மாடிப்படி ஒத்துவரவில்லை. பாலவாக்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். கிளம்பும் நாளில் சாமான் எல்லாம் ஏறிய பிறகு ராமானுஜம் எதிர்வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்டர் ஞானதாஸ், ஒரு காபி சாப்பிடுங்கோளேன். நான் கார்ல ஏர்றதுக்குள்ள."

டீச்சர் டிகாஷன் கெட்டியாகப் போட்டுக் கொடுத்தார். ஞானதாஸ் மெதுவாகக் குடித்தார். ராமானுஜம் கடைசி வாய்வரை நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். ஞானதாஸ் அவருக்காக வாயில் போட்டிருந்த ஏலக்காய், நாலு இருபதுக்குப் பாலத்தின் நடுவில் நின்றுபோனது.

அதன்பின் ஞானதாஸ் சாப்பிட்டது எவர் வாயிலும் இனிக்கவில்லை. பாலவாக்கத்திலிருந்து தினமும் ஒரு மணிக்கு போன் வந்தது, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி வைக்கப்பட்டது. யாருக்கும் தெரியாத சாப்பாட்டை எதற்குச் சாப்பிடுவது என்று ஞானதாஸ் பாதியில் எழுந்துகொண்டார். மூன்று வாரத்தில் நான்கு கிலோ குறைந்தார். ஜாடி மட்டும் தன் பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது. ஆலிஸ் டீச்சருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல இனி ஞானதாஸால் முடியவே முடியாது, அவருக்குப் பதிலாகச் சொல்ல இருந்தவரும் போய்விட்டார். கொட்டிவிடலாம் என்று இரண்டு தடவை துணியை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இருபத்தொன்றாம் நாள் வந்தது. ஸ்பூனை நிரப்பிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, டீச்சர் திரும்பிநின்று வடிகட்டும் துணியை அலசினார். ஞானதாஸ் வாயில் விட்டு உருட்டினார்.

டீச்சரின் கை நின்றது. வாயில் எதுவும் இல்லை, ஆனால் கிராம்பு தெரிந்தது, பிறகு பட்டை, பிறகு திராட்சையின் தோல். அதற்கப்புறம் ஒன்று வந்தது. இத்தனை வருடத்தில் தன் நாக்கில் ஒருநாளும் அவர் கண்டிராதது அது. சுமாராகப் போட்ட அதே ஒயின் அந்த மனிதரின் வாயில் அப்படி இருந்தது. மூன்று வாரம் அந்த ருசி எங்கே சுற்றியது என்பதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. எதிர்வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்திருக்கலாம். ராமானுஜம் மிகைப்படுத்தவில்லை என்பது டீச்சருக்குப் புரிந்தது. இவர் வருடாவருடம் இதை வாயில் வைத்துக்கொண்டுதான் கூரையைப் பார்த்தார் என்பதும் புரிந்தது. முதலில் கோபம் வந்தது, நல்ல கோபம். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"எல்லா வருசமும் உங்களுக்கு இப்படியா இருந்துச்சு?"

"எப்படி?" என்றார் ஞானதாஸ். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "இன்னா ஆலிஸு, புளிச்சிடுச்சா?"

"வாயத் தொறங்க" என்று டீச்சர் இரண்டாவது ஸ்பூனை நீட்டினார்.

அந்த கிறிஸ்துமஸுக்குப் பங்கு மக்களுக்கு ஆறு பாட்டில்தான் போனது. டாக்டருக்குச் சொல்லவில்லை. மீதியை ஞானதாஸ் ஈஸ்டர்வரை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தார், ஆலிஸ் டீச்சர் எதிரில் நாற்காலி போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.