நாற்பத்திரண்டு நாள் ரொட்டி

காலை ஏழு பத்துக்கு அவன் ரொட்டியை வெட்டினான். இரண்டு துண்டு. முப்பத்தெட்டாம் நாள்.

மனைவி எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

அடுமனையில் பதினாறு வருடமாக மாவு பிசைகிறவன் அவன். மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவளைக் கூப்பிடுவது குருவி என்று. வயிறு உப்பி, கை கால் குச்சியாகி, வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமாக இருந்தாள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாத நோயா என்று பார்த்த முதல் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. அவன் கும்பிட்டான். டாக்டர் மட்டும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கோதுமைய எப்பம்மா நிறுத்தினீங்க?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு மாசமா சோறு மட்டுந்தான் குடுக்கறேன். வலி நின்னுடுச்சு."

"கோதுமை சாப்பிடாம இருந்தா ரத்தத்துல அதை எதிர்க்கிற ஆன்டிபாடி இறங்கிடும். நோய் இருந்தாலும் டெஸ்ட்ல தெரியாது. தினம் ரெண்டு துண்டு ரொட்டி, ஆறு வாரம். அப்புறம் திரும்ப எடுப்போம்."

வெளியே வந்து கேட்டான். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சுட்டதுதான் புள்ளைக்கு ஆகலன்னு எந்த வாயால சொல்றது?"

அந்த இரண்டு மாதமும் அவன் கொண்டுவந்த ரொட்டியெல்லாம் மாடி வீட்டுக்குப் போயிருந்தது.

மூன்றாம் நாளே வலி திரும்பியது. மனைவி ஊட்ட மாட்டேன் என்றுவிட்டாள். அவன் ஊட்டினான்.

"கல்லு மாதிரி இருக்குப்பா. தூங்கிக்கிட்டே சுட்டீங்களா?"

"கல்லத் தின்னாலும் கரையற வயசுடி உனக்கு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். குருவி மென்றாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டாள். அவன் தட்டைக் கழுவினான்.

நாற்பத்திரண்டாம் நாள் அவன் மட்டும் அழைத்துப் போனான். ரத்தம் எடுக்கிறவளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் குத்தினாள். குருவி அழவில்லை. குழாய் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் நாலு நாள்ல வந்துடும்."

படியில் இறங்கும்போது குருவி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். நகக்கண்ணில் மாவு காய்ந்திருந்தது.

"அப்பா, நோய் இல்லன்னு வந்தா திரும்பவும் ரொட்டி திங்கணுமா?"

"அப்படித்தான்."

நான்கு படி இறங்கினார்கள்.

"அப்ப நோய் இருக்கணும்னு சாமிகிட்ட வேண்டிக்கட்டுமாப்பா?"