நடு முற்றத்தில் ஓர் உரையாடல் கிண்ணம்

1.

இந்தக் கதை ஒரு படிவத்தின் ஏழாவது கட்டத்தில் பிறந்தது. 'சமூகப் பங்களிப்பு: முந்நூறு சொற்களுக்கு மிகாமல்' என்று அந்தக் கட்டத்தின் தலையில் எழுதியிருந்தது. சர்வதேச விருது ஒன்றுக்கான விண்ணப்பம். பிஷ்கெக் நகரத்தில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்துக்கு இந்த மாதிரி வாசகங்கள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. (பெயரைச் சொல்லமாட்டேன். இன்னும் அங்கே எனக்கு ஒரு மேசை இருக்கிறது, ஜன்னலோரமாக.) அவர்கள் சுவர் கட்டுவார்கள், அந்தச் சுவர் மனிதர்களை இணைக்கிறது என்று நான் எழுதுவேன். ஏழு வருடமாக இணைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தடவை முந்நூறு சொல்லில் அடங்கவில்லை. வெளியே வழிந்ததைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள்.

2.

தொடக்கம் ஒன்று: 'ஒரு நகரத்தின் இதயம் அதன் முற்றங்களில்தான்' – வேண்டாம். இந்த வாக்கியத்தை நான்கு திட்டங்களுக்கு எழுதியாகிவிட்டது. அதில் ஒன்று கார் நிறுத்தும் கட்டடம்.

தொடக்கம் இரண்டு: 'தோகோன் இறந்த அன்று காலையில் மழை' – இதுவும் வேண்டாம். காரணம் பிறகு.

தொடக்கம் மூன்று: சால்கின் ஒட்டுத்தாள்களைப் பிரித்து மேசையில் அடுக்கினாள்.

சரி, இது நடக்கும்.

சால்கின் எங்கள் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர். வயது முப்பத்துநான்கு. ஓர் ஐந்து மாடிப் பழைய குடியிருப்பின் முற்றத்தைப் புதுப்பிக்கும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. முற்றத்திலேயே மேசை போட்டு, வரைபடத்தை விரித்து, குடியிருப்பவர்களைக் கருத்துச் சொல்ல அழைத்திருந்தாள். பிடித்த இடத்தில் பச்சைத் தாள், பிடிக்காத இடத்தில் சிவப்பு. இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பு. வந்த இருபத்துமூன்று பேரோ இதை விருந்தாளி வருகை என்று எடுத்துக்கொண்டு, சுடச்சுடப் பொரித்த போர்சோக் மாவுருண்டைகளும் தேநீருமாக இறங்கினார்கள். வீடு தேடி வந்தவர்கள் முகத்துக்கு நேராகச் சிவப்பை ஒட்டுவதா? எல்லாம் பச்சை. பழைய குப்பைத் தொட்டியின் மேல்கூட மூன்று பச்சை.

முற்றத்தின் நடுவில் மட்டும் ஒருவரும் எதையும் ஒட்டவில்லை. வரைபடத்தில் ஒரு வெள்ளை வட்டம் மிஞ்சியது. தரையில் அளந்தால் ஏழு தப்படி இருக்கும்.

கட்டடக் குழுத் தலைவி ஜூராகான் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "இங்க மட்டும் ஒண்ணும் வேண்டாம் கண்ணு. வெறும் தரையா விட்டுடு."

"ஏங்க்கா?"

"சும்மாத்தான்."*

* கருத்துக்கேட்புப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் இந்தச் சொல் அப்படியே ஏறியது. சால்கினின் கையெழுத்துதான்.

3.

எங்கள் முதலாளி உலார்பெக் வரைபடத்தைச் சுவரில் மாட்டி, இரண்டடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் கண்ணைச் சுருக்கினால் யாருக்கோ கான்கிரீட் காத்திருக்கிறது என்று அர்த்தம். மக்கள் நடுவை நமக்காக விட்டுவைத்திருக்கிறார்கள், அந்த வெறுமை ஏதோ ஒன்றுக்காக ஏங்குகிறது என்றார்.

ஏங்கிய இடத்தில் அவர் வைத்தது 'உரையாடல் கிண்ணம்': ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, சுற்றிலும் வட்டப் படிக்கட்டு. அக்கம்பக்கத்தார் அதில் இறங்கி உட்கார்ந்து பேசிப் பழகுவார்களாம். நாற்பது வருடமாக மாடிக்கு மாடி கத்திப் பேசிக்கொண்டிருக்கிற சனங்கள். பேசுவதற்கு ஒரு குழி இல்லாமல்தான் தவித்தார்கள். (அந்தப் பெயரை வைத்தது நான். சபையில் கைதட்டினார்கள்.)

4.

இனி, அந்த முற்றத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்து யாரும் சொல்லாத விஷயம்.

இந்த ஊரில் ஒருவர் இறந்தால் வீட்டு வாசலில் கம்பளிக் கூடாரம் எழும். ஐந்து மாடிக் குடியிருப்பானாலும் அப்படித்தான்: உடலைக் கீழே இறக்கி, முற்றத்தின் நடுவில் கூடாரம் போட்டு, உள்ளே கிடத்துவார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். வெளியே ஆண்கள் கோலில் சாய்ந்து நின்று அழுவார்கள். அடக்கம் முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். மறுநாள் அங்கே பந்து உருளும். அந்த நடுவை யாரும் எதனாலும் நிரப்புவதில்லை.

இதை அன்று ஜூராகான் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் மேசைக்குப் பக்கத்தில், நாற்காலியில், அவள் புருஷன் தோகோன் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற டிராலிபஸ் ஓட்டுநர். நுரையீரல் இரண்டும் போய்விட்டன என்று மருத்துவர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவர் காதுபட 'கூடாரத்துக்கு இடம் வேண்டும்' என்பது ஆளை நிற்கவைத்து அளவெடுப்பதற்குச் சமம். ஆகவே இருபத்துமூன்று பேரும் சும்மா என்றார்கள். தோகோன் போர்சோக் தின்றுகொண்டிருந்தார்.

சால்கினுக்குத் தெரியாதா? அவளுக்குப் பத்தொன்பது வயதில் அவளுடைய அப்பா இப்படியொரு முற்றத்தில்தான்

(இந்த வாக்கியத்தை முடிக்க நான்கு முறை முயன்றேன். அவளே முடிக்காத வாக்கியம். விட்டுவிடுகிறேன்.)

தெரியும். குடியிருப்பவர்கள் சொல்வதற்குத்தான் படிவத்தில் கட்டம்; அவளுக்குத் தெரிந்ததற்கு இல்லை, அவ்வளவுதான். கட்டம் இல்லாததை எழுதக்கூடாது என்று பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

5.

ஓர் ஒப்புதல் வாக்குமூலம். முதல் வரைவில் தோகோனை இரண்டாம் பக்கத்திலேயே கொன்றுவிட்டேன். கிண்ணம் கட்டியாகிவிட்டது, கூடாரத்துக்கு இடமில்லை, சோகம், மழை. என் கண்ணே கலங்கியது. என் எழுத்துக்கு என் கண் சீக்கிரம் கலங்கும்.

இரண்டாம் வரைவில் கிண்ணத்துக்குள்ளேயே கூடாரம் போட்டார்கள். அன்று பார்த்து நடுவர் குழு வந்தது. அதைத் 'தற்காலிகக் கலை அமைப்பு' என்று நினைத்து மெய்மறந்து விருதைக் கொடுத்துவிட்டது. முதலாளிக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் கிழித்தேன்.

பிறகு உறைத்தது. கதைக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காக நானும் அந்த மனிதருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே தோகோன் உயிரோடு இருக்கிறார். இருமுகிறார், இருக்கிறார்.

6.

கிண்ணத்தைத் தோண்ட மறுநாள் காலை எட்டு மணிக்குப் பொக்லைன் வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் மதியம் சால்கின் முதலாளியின் அறைக்குப் போனாள். கண்ணாடிக் கதவு, வெளியே என் காதுக்கு நல்ல வசதி.

விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையைச் சொறிந்தார். கூடாரத்தை வண்டி நிறுத்துமிடத்தில் போட்டுக்கொள்ளலாமே, பன்முகப் பயன்பாடு என்றார்.

"அது குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துலண்ணா."

"ரெண்டு நாளைக்குத்தானே."

"உங்கம்மாவ எங்க வச்சீங்க?"

அவர் பேனாவை உருட்டினார். "ஊர்ல. அங்க இடம் கிடக்கு."

பிறகு குரல் இறங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக வரைந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். காரணம் என்ற இடத்தில் சும்மா என்று இருப்பதை நகராட்சியிடம் காட்டித் திட்டத்தை மாற்ற முடியாது என்றார். "குடியிருக்கிறவங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், காரணத்த எழுதிக் கையெழுத்துப் போடட்டும். சாயங்காலத்துக்குள்ள கொண்டா. பொக்லைன நான் நிறுத்துறேன்."

7.

சால்கின் புதிய படிவத்தில் காரணத்தைத் தன் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று ஏறி இறங்கினாள். எல்லோரும் படித்தார்கள், தேநீர் கொடுத்தார்கள், பேனாவைத் தொடவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒருவர் கைவலி என்றார். அவர் கையில் இரண்டு வாளித் தண்ணீர்.

முற்றத்தில் ஜூராகான் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். காகிதத்தைப் பார்த்ததும் மடித்து சால்கின் கையிலேயே திணித்தாள்.

"கேக்காத கண்ணு. நான் இதுல கையெழுத்துப் போட்டா அவருக்கு நானே தேதி குறிச்ச மாதிரி."

"போடலன்னா நாளைக்குத் தோண்டிடுவாங்கக்கா. அப்புறம் அவர எங்க..."

"வாய மூடு."

மூடினாள். ஆனால் தோகோனின் நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது.

"அது என்ன கையெழுத்து?" என்றார் தோகோன்.

"தண்ணிக் குழாய் விஷயம்," என்றாள் ஜூராகான் உடனே.

"குழாய்க்கு நீ போட மாட்டியா? கொண்டா, நான் போடுறேன். ஒரு பொண்ணு எத்தன தரம்தான் மாடி ஏறும்." காகிதத்தை வாங்கி முழங்காலில் விரித்தார். தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "கண்ணாடி மேல இருக்கு. காரணம்னு என்னமோ எழுதியிருக்கே. படிச்சுச் சொல்லும்மா. படிக்காம நான் எதுலயும் போட்டதில்ல."

ஜூராகான் ஈரத் துணியைப் பிடித்தபடி நின்றாள். காகிதத்தில் இருந்தது ஒரே வரி: 'இறந்தவரைக் கிடத்தும் கூடாரத்துக்காக நடு முற்றம் காலியாக இருக்க வேண்டும்.'

8.

முடிவு அ: சால்கின் உள்ளபடி படிக்கிறாள். கையெழுத்து விழலாம். விழாமல், அவர் எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

முடிவு ஆ: 'தண்ணீர்க் குழாய்' என்று படிக்கிறாள். கிண்ண வேலை நின்றுபோகிறது, இடம் தப்பிக்கிறது. படிக்காமல் எதிலும் போட்டதில்லை என்ற மனிதரிடம் பொய் சொல்லி வாங்கிய கையெழுத்து அவள் பையில் கிடக்கிறது.

முடிவு இ: அவருக்கு எல்லாம் முன்பே தெரியும்; சிரித்துக்கொண்டே போடுகிறார். இதை எழுத என் கை துறுதுறுக்கிறது. எங்கள் எல்லோரையும் காப்பாற்றிவிடும் முடிவு. அதனாலேயே இதை நான் நம்பவில்லை. ஏழாவது கட்டத்தின் வாசனை அடிக்கிறது.

மணி ஐந்தாகிறது. சால்கின் காகிதத்தை வாங்கி என் பக்கம் நீட்டுகிறாள். நான் எழுதிப் பிழைக்கிறவன். நான் எழுதியதை நானே உரக்கப் படிக்க நேர்ந்ததில்லை, அந்தத் தைரியமும் இல்லை. இவ்வளவு தூரம் வரிவரியாக வாசித்துக்கொண்டு வந்தவர் நீங்கள்தான். காகிதம் இப்போது உங்கள் பக்கம் நீள்கிறது. கிழவர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

படியுங்கள். கொஞ்சம் அவருடைய வலப்பக்கமாகக் குனிந்து படியுங்கள்; அவருக்கு இடது காது கேட்காது.