டீசல் போடாத பஸ்

அந்தப் புறநகர் பஸ் டீசல் இல்லாமல், பயணிகளின் கோபத்தில் மட்டுமே ஓடத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. முதலில் கண்டுபிடித்தவர் டிரைவர். டேங்க் வறண்டு நடுவழியில் நின்ற வண்டிக்குள் ஜனங்கள் முதலாளியின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்ட, இன்ஜின் தானாக உறுமிக் கிளம்பியது. விஷயத்தைக் கேட்ட முதலாளி ஆச்சரியப்படவில்லை. டீசல் வாங்குவதை நிறுத்தினார். அப்புறம் உடைந்த ஜன்னலை மாட்டவில்லை, ஒழுகுகிற கூரையை அடைக்கவில்லை. மேட்டில் வண்டி திணறினால் அடுத்த நிறுத்தத்தில் நிற்காமல் போகச் சொல்லி உத்தரவு. உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் சேர்ந்து கத்துகிற கத்தலில் வண்டி நகரம்வரை பறக்கும். மனுஷனின் வயிற்றெரிச்சலில் காசு பார்த்த பாவி!

மேட்டு நிறுத்தத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் ஒரு தையற்காரி இருந்தாள். அவள் தங்கைக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். “நீ வந்து கையைப் பிடிச்சாதான்க்கா உள்ள போவேன்” என்று சொல்லியிருந்தாள். அன்று காலை முதல் ட்ரிப் நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. உள்ளே இடம் இருந்தது. கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேறு வண்டி கிடையாது. செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் நடந்தே போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். “உள்ள கொண்டு போறவரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாங்க” என்றாள். தங்கை திரும்பி வரவில்லை.

காரியங்கள் முடிந்த மறுநாள் தையற்காரி நிறுத்தத்தில் வந்து நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. வழக்கம்போலத் தாண்டப் பார்த்த பஸ், டிரைவரின் காலுக்கு அடங்காமல் அவள் முன்னால் நின்றது. ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறது. அவள் ஏறாவிட்டால் அசையாது. முதலாளி இனிப்புப் பெட்டியும் ஆயுள்கால இலவச பாஸுமாக வந்தார்.

“உன் பாஸை நீயே வெச்சுக்கோ. என் தங்கச்சியைக் குடு” என்றாள்.

அவர் படியில் கால் வைத்ததும் இன்ஜின் அணைந்தது. இறங்கி நடந்தே போனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது அவள் மடியில் துணியை வைத்துப் பொத்தான் தைத்தபடி நாள் முழுக்கப் போய்வருகிறாள். அவளுக்கு யாரும் ஆறுதல் சொல்லக் கூடாது என்று கண்டக்டர் புதியவர்களிடம் சொல்லிவிடுவார். போன வாரம் ஏறிய ஒரு நல்ல மனுஷருக்கு அது தெரியவில்லை. “போனவங்க போயிட்டாங்க, மனசை ஆத்திக்கோம்மா” என்றார். பஸ் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. ஆபீசுக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

“பதறாதீங்க. இது ஆறாது.”

வண்டி மேட்டில் ஏறியது.