இளஞ்சிவப்பு ஆறு

நீர்வளத் துறையில் வரைபடம் வரைபவர் மூன்று வாரமாக ஒரு பயத்தை யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். கணினித் திரையில் கடிதம் எழுதும் சன்னலைச் சொடுக்கினால், பக்கத்துச் சன்னலில் உள்ள வரைபடத்தின் நீல ஆறு இளஞ்சிவப்பாகிவிடும். வரைபடத்தைச் சொடுக்கினால் ஆறு நீலமாகும், கடிதம் பச்சையாகும். அவருடைய அப்பாவுக்கும் இதே வயதில்தான் முதலில் நிறங்கள் குழம்பின. பிறகு பார்வையே போயிற்று.

அன்று ராஜினாமாக் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மனைவி தூசி தட்டும் பிரஷ்ஷோடு வந்து நின்றாள். அந்த அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. 'பொட்டி டாக்டர்' என்பார்கள்.

"என்னங்க இது? என்கூட ஒரே ஆபீஸ்ல இருக்க அவ்வளவு கசக்குதா?"

அவர் சிரிக்கவில்லை. "கண்ணு போகுதும்மா. ஆறு நிறம் மாறுது. அப்பாவுக்கு வந்த மாதிரியே."

அவள் மவுஸை வாங்கிக் கடிதத்தைச் சொடுக்கினாள். "இப்ப ஆறு என்ன கலர்?"

"ரோஸ்."

"எனக்கும் ரோஸ்தான். ரெண்டு பேருக்கும் ஒண்ணாவா கண்ணு போகும்?"

அந்தப் பழைய கணினியில் திரைக்கு நிறம் தரும் கிராபிக்ஸ் கார்டில் இருப்பது ஒரே ஒரு வண்ணத்தட்டு. அதில் இருநூற்று ஐம்பத்தாறு கிண்ணங்கள். திரையின் ஒவ்வொரு புள்ளியும் 'நாற்பதாம் கிண்ணம்' என்று எண்ணைத்தான் சொல்லும், நிறத்தை அல்ல. பழைய சன்னல் மென்பொருள் கிண்ணங்களை எல்லாச் சன்னல்களுக்கும் பங்கிட்டது. பெரிய கார்டுகளை நம்பி எழுதப்பட்ட புதியதோ, சொடுக்கிய சன்னலுக்கே மொத்தத் தட்டையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. கடிதம் இளஞ்சிவப்பை நிரப்பிய நாற்பதாம் கிண்ணத்தில் வரைபடம் நீலத்தைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

உற்சாகமாக விளக்கிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"போன மாசம் இந்தப் புது மென்பொருளை நான்தான் ஏத்தினேன். இந்தக் கார்டு தாங்குமான்னு பாக்கவே இல்ல." பிரஷ்ஷை மேசையில் வைத்தாள். "மூணு வாரமா பக்கத்துலயே இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவ. அவர் ஆமாம்னுட்டா?"

அவள் அவருடைய கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிவிட்டாள்.

"நாளைக்குப் போறோம். சும்மா காட்டிட்டு வருவோம்."

"போலாம்," என்றார்.

"பழைய மென்பொருளையே திரும்ப ஏத்திடறேன். நகருங்க."

"இரு, இரு," என்று அவள் கையைப் பிடித்தார். "இன்னொரு தடவை அந்த ஆத்தை ரோஸாக்கு."