எண்ணெய் படாத ரோல்

ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் அந்த ஆஸ்பத்திரி நடையை இருபது தடவையாவது அளந்திருப்பேன். எங்கள் கான் தோ நகரத்து வெயிலில் உடம்பெல்லாம் கசகசத்தது. என் வீட்டுக்காரர் லுவான் மட்டும் பெஞ்சில் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல்.

அவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்து நான்கு மாதமாகிறது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. உறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், ஆள் போய்விடுவார். ஆனால் மூன்று பரிசோதனையிலும் மாத்திரை வேலை செய்ததாகவே தெரியவில்லை. துப்பிவிடுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அக்கம்பக்கத்தார் காதுபடப் பொய்யன் என்றேன். அமுக்குணி, மறுநாளும் நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

நான்காவது முடிவும் அப்படியே வந்தது. டாக்டர் எங்களைச் சாப்பாட்டு ஆலோசகர் யென்னிடம் அனுப்பினார். சின்னப் பெண். வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். பொரித்ததை வாசலுக்குள்ளேயே விடுவதில்லை, இரண்டு வேளையும் அரிசி மாவில் செய்த மெல்லிய தாளில் சுருட்டிய ஸ்பிரிங் ரோல்தான், இரண்டு இறால், கொஞ்சம் அரிசி நூடுல்ஸ், மீதியெல்லாம் இலை என்று அடுக்கினேன்.

யென் பேனாவைக் கீழே வைத்தாள். "எவ்வளவு இலை, அக்கா?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு மடங்காக்கிட்டேன். தினம் ஒரு கூடை. சத்தாச்சே."

"கீரையைக் குறைக்கச் சொன்னாங்களே?"

"கீரை சூப்பை அன்னைக்கே நிறுத்திட்டேன். இது பச்சையா வச்சுச் சுருட்டுறதுதானே."

எங்கள் ஊரில் அதை யாரும் கீரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. யென் பொறுமையாகவே சொன்னாள். கடுகு இலை, லெட்டூஸ், கொத்தமல்லி எல்லாவற்றிலும் வைட்டமின் கே இருக்கிறதாம், அது ரத்தம் உறையத் துணை போகுமாம். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, என் இலை மறுபக்கம் இழுத்திருக்கிறது. ரோலை நிறுத்த வேண்டாம், தினமும் ஒரே அளவாக ஒரு கைப்பிடி வையுங்கள், அதற்கேற்ப மாத்திரையை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றாள்.

என் கையால் நானே சுருட்டிச் சுருட்டி ஊட்டியிருக்கிறேன். வெளியே வந்ததும் அழுகை முட்டியது. அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது. வேண்டாம், போதும் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் மேலேயே பாய்ந்தேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"மீன் வாடை அடிக்குமே ஒரு இலை, அது எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆகாது. நீ சுருட்டித் தந்தே, தின்னேன். மாத்திரையும் நீ தந்ததுதானே."