பதினெட்டாம் நம்பரைக் குடுங்கோ

டொலறஸ் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்தாள். வயது ஐம்பத்தொன்று. சொந்த ஊர் மன்னார், பேசாலை. லண்டனுக்கு வருவதற்கு முன் பதினான்கு வருடம் ஹொலண்டில், ஹார்லெம் நகரில் இருந்தாள். அங்கே அவர்களுடைய ஃபிளாட்டின் பின்ஜன்னலைத் திறந்தால் பேஸ்போல் மைதானம். எட்டு வயதில் மகன் ஜெஸ்ரின் அங்கே விளையாடச் சேர்ந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போகப் போய், விளையாட்டின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் டொலறஸ் மகனைவிட நன்றாகப் படித்துக்கொண்டாள்.

லண்டனுக்கு வந்ததும் ஜெஸ்ரின் 'மிச்சம் ஹெரன்ஸ்' என்ற சின்னக் கழகத்தில் சேர்ந்தான். பந்து எறிவதற்கு அவன்தான் முதல் ஆள்; அடிப்பதிலும் கெட்டிக்காரன். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு டொலறஸ் மடக்குக் கதிரையும் தேத்தண்ணிப் போத்தலுமாகப் பார்க்குக்குப் போய்விடுவாள். கணவன் கஸ்பருக்கு ஞாயிறுகளில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். அதனால் தனியாகத்தான் இருப்பாள். கத்துகிற கத்தில் பக்கத்துத் தெருவில் நாய் குரைக்கும்.

2009ஆம் ஆண்டு அவளுக்குக் கத்துவதற்கு அந்த ஒரு இடம்தான் மிஞ்சியிருந்தது. தங்கை துசியந்தி வன்னிப் போருக்குள் அகப்பட்டிருந்தாள். கடைசியாகக் கதைத்தது பெப்ரவரியில். மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்றார்கள். முகாம்களிலிருந்து வந்த பெயர்ப் பட்டியல்களை டொலறஸ் விரல் வைத்து வாசித்தாள். தங்கையின் பெயர் எதிலும் இல்லை. வீட்டில் அவள் பேச்சே நின்றுபோனது. கறி காய்ச்சுவாள், உடுப்பு மடிப்பாள், கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடப்பாள்.

அந்தக் கோடையில் ஹெரன்சும் தோற்றுக்கொண்டே இருந்தது. பத்து ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. ஜூலை நடுவில் ஒரு ஞாயிறு, எல்தம் அணியிடம் இரண்டுக்கு நாலு என்று தோற்றபோது டொலறஸால் பொறுக்க முடியவில்லை. கதிரையை அப்படியே விட்டுவிட்டு மனேஜர் கிரஹாமிடம் போனாள். கிரஹாம் ஒரு தபால்காரர், சாதுவான மனிதர். அவரோடு அவள் பேசுவது டச்சு கலந்த ஆங்கிலம்.

"மிஸ்டர் கிரஹாம், இந்த மாதம் முடியுமட்டும் மற்ற டீமோடை ஆள் மாத்தலாம்தானே? ஏன் சும்மா இருக்கிறீங்கள்?"

"யாரை மாற்றச் சொல்கிறீர்கள்?"

"எல்தத்திலை நல்லா எறியிற பெடியள் ரெண்டு பேர் இருக்கிறாங்கள். அடிக்கிறதுக்கு ஆள் இல்லை. எங்களிட்டை அடிக்கிற ஆள் இருக்கு, எறிய ஆள் இல்லை. ஒண்டைக் குடுத்து ஒண்டை எடுங்கோ."

"யாரைக் கொடுப்பது?"

"பதினெட்டாம் நம்பரைக் குடுங்கோ."

கிரஹாம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அது உங்கள் மகன்."

"ஓம். எனக்குத் தெரியும். அவன்ரை எறியிலை இந்த வருசம் வேகம் இல்லை. நீங்களும் பாக்கிறீங்கள்தானே?"

"ஜெஸ்ரினுக்குச் சம்மதமா?"

"கதைச்சிட்டன். ஓம் எண்டவன்."

அது பொய். அன்றிரவே மகனோடு கதைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவன் களைத்துப்போய் நேரத்தோடு படுத்துவிட்டான். திங்களும் செவ்வாயும் அவளுக்கு நேரம் பிந்திய ஷிப்ட். புதன்கிழமை பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது ஜெஸ்ரின் குசினி மேசையில் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு இருந்தான்.

"அம்மா, கிரஹாம் மெசேஜ் போட்டிருக்கிறார். ஆறு வருசத்துக்கு நன்றியாம். எல்தத்திலை நல்லா விளையாடட்டாம். நான் ஓம் எண்டு சொன்னதா அம்மா சொன்னவவாம்."

டொலறஸ் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "தம்பி, அங்கை உனக்கு நல்லம். நீ அடிக்கிற ஆள். இஞ்சை எறிஞ்சு எறிஞ்சு பேரைக் கெடுக்கிறாய்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா விடமாட்டாய். டீம் தோத்துக்கொண்டே போகுது. இந்த வருசம் ஒண்டாவது வெல்லட்டும் எண்டு... எனக்கு ஒண்டாவது வெல்ல வேணும், தம்பி."

அவன் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

"என்ரை தோள் மார்ச்சிலையே பழுதாப் போட்டுது, அம்மா. இந்த வருசம் எறியாதை எண்டு டொக்டர் சொன்னவர். நோவுக்குக் குளிசை போட்டுப் போட்டுத்தான் எறிஞ்சனான்."

"பிறகு ஏன்ரா எறிஞ்சனி?"

"நீங்கள் வேறை எங்கை வாய் திறக்கிறீங்கள்? நான் மைதானத்திலை நிண்டா, ஞாயிற்றுக்கிழமையாவது வந்து கத்துவீங்கள் எண்டுதான்."

டொலறஸுக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. கதிரை பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் நின்றாள். அவன் எழுந்து, தண்ணீர் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனான்.

மறுநாள் அவள் கிரஹாமுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னாள். ஆள் மாற்றுவதற்கான கடிதம் லீக்குக்குப் போய்விட்டது, ஆனாலும் மீட்கப் பார்க்கலாம் என்றார் அவர். ஜெஸ்ரின்தான் வேண்டாம் என்றான். எல்தத்துக்கும் அவன் போகவில்லை. விளையாட்டுச் சப்பாத்தைத் துடைத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தான். அத்தோடு சரி.

எல்தத்திலிருந்து மாற்றாக வந்த பெடியன் உண்மையாகவே நல்ல எறிகாரன். அடுத்த ஞாயிறு ஹெரன்ஸ் வென்றது. எல்லோரும் துள்ளினார்கள். கிரஹாம் தூரத்திலிருந்து அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினார். டொலறஸும் தூக்கினாள். ஆனால் அவளுக்குக் கத்த வரவில்லை. மிச்ச ஆட்டங்களுக்கு அவள் போகவில்லை. ஏழில் நாலு வென்றதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

ஒக்டோபரில் ஜெஸ்ரினுக்கு ரொட்டர்டாமில் வேலை கிடைத்தது. அந்த விசயத்துக்காகத்தான் போகிறாயா என்று கஸ்பர் கேட்டபோது, "இல்லை அப்பா, சம்பளம் நல்லம்" என்றான்.

நவம்பரில் மன்னாரிலிருந்து ஒரு கன்னியாஸ்திரி போன் எடுத்தார். துசியந்தி ஏப்ரலிலேயே மாத்தளனில் ஷெல் பட்டுச் செத்துப்போனாள். பக்கத்திலே இருந்து புதைத்த பெண் முகாமிலிருந்து வெளியே வந்து சொன்னாளாம். டொலறஸ் முதலில் மகனுக்குத்தான் போன் எடுத்தாள். விசயத்தைச் சொன்னாள்.

"வாறன், அம்மா" என்றான்.

சனிக்கிழமை துசியந்திக்கான பூசைக்கு வந்தான். கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டான். வந்த சனத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தான். திங்கள் காலை புறப்படும்போது, ட்ராம் தரிப்பிடம் வரைக்கும் டொலறஸ் கூடப் போனாள்.

"தம்பி, நான் செய்தது பிழை. பொய் சொன்னது பெரிய பிழை."

"எனக்கு இப்ப கோவம் இல்லை, அம்மா."

"அப்ப திரும்பி வாவன்."

"இல்லை" என்றான், மெதுவாக. "அது ஏலாது."

அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு ட்ராமில் ஏறினான். அன்று அவளுக்குப் பத்து மணிக்கு ஷிப்ட். அவள் நடந்தே வேலைக்குப் போனாள்.